முடி கொட்டும் காலத்தில் முயலின் எடை: குறைவது எது?

முயல் வளர்க்க ஆரம்பித்த முதல் வருடத்தில் எல்லோருக்கும் இப்படி ஒரு காலை வரும். எழுந்து பார்த்தால் கூண்டைச் சுற்றி, சோஃபாவுக்கு அடியில், துவைத்து மடித்து வைத்த கறுப்புச் சட்டையில், எங்கு திரும்பினாலும் பஞ்சு. நடுவில் நம்ம ஆள், தோள் வரைக்கும் ஒரு நிறமும் அதற்குப் பின்னால் இன்னொரு நிறமுமாக, பாதி முடிவெட்டில் நாற்காலியைவிட்டு எழுந்து ஓடிவந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். சந்தேகப்பட்டு எடை போட்டால் போன வாரத்தைவிடக் குறைந்திருக்கும். உடனே நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம்: இவ்வளவு முடி கொட்டியிருக்கிறதே, எடை குறையாமல் என்ன செய்யும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மிளகு என்கிற என் முயலுக்கு அப்போது எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. முடி கொட்ட ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் 110 கிராம் குறைந்திருந்தது. சீவி எடுத்த முடியையெல்லாம் ஒரு பையில் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு (ஏன் என்று கேட்காதீர்கள்). சின்னத் தலையணை அளவுக்கு உப்பியிருந்த அந்தப் பையைத் தூக்கித் தராசில் வைத்தால் 30 கிராம்கூட வரவில்லை. மீதி 80 கிராம் எங்கே போனது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முயலின் எடை பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முடிக்குக் கனமே கிடையாது. எடை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறியிருந்தால் ஒன்று வயிற்றிலும் குடலிலும் இருக்கும் சரக்கு கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது, இல்லையென்றால் உடம்பில் இருந்த கொழுப்பும் தசையும் கரைந்திருக்கிறது.

முடி ஏன் கொட்டுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். முயலின் உடம்புக்குக் காலண்டர் வெளிச்சம்தான். பகல் நீள ஆரம்பித்தாலோ குறைய ஆரம்பித்தாலோ கண் வழியாக அந்தச் செய்தி மூளைக்குப் போய், மெலடோனின் போன்ற ஹார்மோன்களின் அளவு மாறி, பழைய ரோமத்தைத் தள்ளிவிட்டுப் புதியதை வளர்க்கும் வேலை தொடங்குகிறது. பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறை பெரிதாகக் கொட்டும், நடுநடுவே லேசாகக் கொட்டும். வீட்டுக்குள்ளேயே, ராத்திரி பதினொரு மணி வரை விளக்கு வெளிச்சத்தில் வாழும் முயலுக்கு இந்தக் கணக்கு குழம்பிப்போய் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருப்பதும் உண்டு. பெரும்பாலும் தலையில் தொடங்கிக் கழுத்து, முதுகு, அப்புறம் விலாவும் வயிறும் என்று பின்னோக்கி நகரும். இரண்டு வாரத்தில் முடித்துவிடும் முயலும் இருக்கிறது, ஆறு வாரம் இழுத்தடிக்கும் முயலும் இருக்கிறது.

இனி எடைக்கு வருவோம். முயலின் உடம்பில் குடல் ஒரு பெரிய சரக்குக் கிடங்கு. இரைப்பை ஆரோக்கியமான முயலுக்கு ஒருபோதும் முழுதாகக் காலியாவதில்லை, எப்போது பார்த்தாலும் அதில் புல்லும் நீரும் கொஞ்சம் முடியும் கலந்து கிடக்கும். அதைத் தாண்டி சீக்கம் என்று ஒரு பை இருக்கிறது. மனிதருக்கு அது ஒரு ஓரத்தில் கிடக்கும் சின்ன விஷயம். முயலுக்கோ குடல் பாதை முழுவதின் கொள்ளளவில் சுமார் 40 சதவீதம் அதுதான். அதற்குள் நுண்ணுயிர்கள் புல்லின் நாரை நொதிக்க வைத்து, அதிலிருந்து சத்து நிறைந்த மென்மையான புழுக்கைகளை உருவாக்கித் தருகின்றன. நாம் பெரும்பாலும் பார்க்காத நேரத்தில் முயல் அதை நேரடியாகக் குனிந்து வாயில் எடுத்துத் தின்றுவிடும். அருவருப்பாக இருந்தாலும் அது அதன் சாப்பாட்டில் ஒரு பகுதி. இத்தனை சரக்கைச் சுமக்கும் உடம்பு ஒரு நாள் கொஞ்சம் குறைவாகத் தின்றாலே தராசு முள் கீழே போய்விடும், கொழுப்பு ஒரு கிராம்கூடக் கரையாமலே.

தண்ணீரும் அப்படித்தான். முயல் ஒரு நாளைக்குத் தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 முதல் 150 மில்லி வரை தண்ணீர் குடிக்கும். இரண்டு கிலோ முயல் என்றால் 100 முதல் 300 மில்லி. கீரை அதிகம் தின்கிற முயல் கிண்ணத்தில் குறைவாகக் குடிக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள்: வயிறு முட்டத் தின்று, குடித்து, சிறுநீர் கழிக்காமல் இருக்கும்போது ஒரு எடை, எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்த பிறகு ஒரு எடை. நேற்று மாலை 2,120 கிராம், இன்று காலை 2,060 கிராம் என்று காட்டினால் அதில் பயப்பட ஒன்றுமில்லை.

அதனால்தான் எடை போடுவதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்கிறேன். ஒரே தராசு, ஒரே நேரம், காலையில் பெல்லட்டும் (கடையில் விற்கும் முயல் தீவன உருண்டை) கீரையும் கொடுப்பதற்கு முன்பு. உலர்புல் எப்போதும் முன்னால் இருக்க வேண்டியது, எடை போட வேண்டும் என்று அதை எடுத்து ஒளித்து வைக்காதீர்கள். சாதாரண நாட்களில் வாரம் ஒரு முறை போதும், முடி கொட்டும் காலத்தில் வாரம் இரண்டு முறை. குளியலறையில் நாம் ஏறி நிற்கும் தராசு இதற்குச் சரிப்படாது. நாம் முயலைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்க்கும் முறை பெரிய நாய்க்குச் சரி, ஆனால் அந்தத் தராசுகளில் பல 100 கிராமுக்கு 100 கிராம் தாவும். நமக்கு வேண்டியதோ அந்த 100 கிராமுக்குள் நடக்கும் கதை. கிராம் காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு சின்ன முயலுக்குப் போதும், பெரியதற்குக் குழந்தைகளை எடை போடும் தராசு. மேலே ஒரு டப்பாவோ கூடையோ வைத்து, வழுக்காமல் இருக்க உள்ளே ஒரு துண்டை விரித்து, எடையை பூஜ்யமாக்கிவிட்டு முயலை உட்கார வையுங்கள். தூக்கும்போது பின்னங்கால்களைக் கட்டாயம் தாங்கிப் பிடியுங்கள். முயலின் எலும்புக்கூடு மொத்த எடையில் 8 சதவீதம் அளவுதான் இருக்கும், பின்னங்கால் தசையோ பலமானது, அந்தரத்தில் ஒரு உதை உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே உடைத்துக்கொள்ள அதனால் முடியும்.

சரி, எண் கிடைத்துவிட்டது. அதை எப்படிப் படிப்பது? ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு கிராமைப் பார்ப்பது. பார்க்க வேண்டியது சதவீதத்தை. நெதர்லாந்து ட்வார்ஃப் மாதிரி ஒரு கிலோ எடையுள்ள குள்ள முயல் 100 கிராம் இழந்தால் அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. அதே 100 கிராமை ஐந்து கிலோ நியூசிலாந்து வெள்ளை இழந்தால் 2 சதவீதம்தான், தண்ணீர் குடிக்காமல் வந்து ஏறியிருக்கும். அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இழந்தால் நாம் எப்படிப் பதறுவோமோ, அப்படி குள்ள முயலின் அந்த 100 கிராமுக்குப் பதற வேண்டும். நான் வைத்திருக்கும் கணக்கு இது: 2, 3 சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் குறித்து மட்டும் வைப்பேன், 5 சதவீதத்தைத் தொட்டால் சாப்பாடு, புழுக்கை இரண்டையும் உட்கார்ந்து கவனிப்பேன், மறுநாளே திரும்ப எடை போடுவேன், 10 சதவீதம் என்றால், அல்லது மூன்று முறை தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தால், முயல் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர்தான். மிளகின் 110 கிராம் என்பது 5 சதவீதத்துக்குச் சற்று மேல். அப்போது எனக்கு இந்தக் கணக்கு தெரியாது.

முடி கொட்டும்போது உண்மையிலேயே எடை குறைவதற்கு என்ன காரணம்? ஒன்று, செலவு. ரோமம் என்பது கெரட்டின், அதாவது புரதம், அதிலும் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் அதிகம் வேண்டிய புரதம். உடம்பு முழுக்கப் புதுச் சட்டை தைக்க வேண்டுமென்றால் துணி எங்கிருந்தாவது வர வேண்டுமே. நன்றாகத் தின்கிற முயல் சாப்பாட்டிலிருந்தே அதை ஈடுகட்டிவிடும், எடையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வயதானது, ஏற்கெனவே மெலிந்தது, வேறு ஏதோ நோயோடு இருப்பது, இவைதான் கொஞ்சம் இறங்கும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. முயல் நாள் முழுக்கத் தன்னை நக்கி நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், உதிரும் முடியெல்லாம் வயிற்றுக்குள் போகும். பூனையும் இதையேதான் செய்கிறது, ஆனால் பூனைக்கு வாந்தி எடுக்கத் தெரியும். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. உள்ளே போன முடிக்கு ஒரே ஒரு வழிதான், பின்வழி. குடல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் இது பிரச்சினையே இல்லை, முடி புல் நாரோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். புழுக்கைகள் முத்துமாலை கோத்த மாதிரி முடியில் தொங்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு முன்னறிவிப்பு: முடி நிறைய உள்ளே போகிறது, ஆனால் இன்னும் வழி திறந்திருக்கிறது. அந்த அளவில் கூடுதலாகச் சீவிவிட்டு, புல்லும் தண்ணீரும் நன்றாக உள்ளே போகும்படி பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வயிற்றில் முடி உருண்டை அடைத்துக்கொண்டுதான் முயல் சாப்பிடாமல் போகிறது என்று பல காலம் நம்பப்பட்டது. பெரும்பாலும் கதை தலைகீழ். ஏதோ ஒரு காரணத்தால், வலி, பயம், வெக்கை, நார் குறைந்த சாப்பாடு, தண்ணீர்க் குறைவு, முதலில் குடலின் ஓட்டம் மந்தமாகிறது. ஓட்டம் மந்தமானதும் வயிற்றில் இருக்கும் சரக்கிலிருந்து உடம்பு நீரை உறிஞ்சிக்கொள்கிறது, மிஞ்சுவது முடியும் நாரும் இறுகிய ஒரு கட்டி. எப்போதும் வயிற்றில் முடி இருக்கத்தான் செய்யும், நீர் போனதால் அது உருண்டையாகிவிட்டது. முடி கொட்டும் காலத்தில் முடியின் பங்கு கூடுவதால் இந்த வண்டி இன்னும் சீக்கிரம் சேற்றில் சிக்குகிறது, அவ்வளவுதான். இது புரிந்தால் அன்னாசிச் சாறும் பப்பாளி மாத்திரையும் ஏன் வேலைக்கு ஆகாது என்பதும் புரியும். அவற்றில் இருக்கும் நொதிகள் முடியின் கெரட்டினைக் கரைப்பதில்லை. சாறினால் ஏதாவது பலன் தெரிந்திருந்தால் அது அதிலிருந்த தண்ணீரால் வந்ததாக இருக்கும், கூடவே உள்ளே போன சர்க்கரையோ சீக்கத்தில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. பூனைக்கு விற்கும் முடி உருண்டைப் பசையையும் முயலுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

குடல் மந்தமாகும்போது எடையில் நடப்பது கொஞ்சம் ஏமாற்று வேலை. முயல் சாப்பாட்டைக் குறைக்கும், ஆனால் பழைய சரக்கு உள்ளேயே தங்கிவிடுவதால் முதல் நாள் தராசு பெரிதாக ஒன்றும் காட்டாது. நாமும் நிம்மதியாக இருப்போம். அதனால் இந்தக் காலத்தில் தராசைவிட முந்திக்கொண்டு செய்தி சொல்வது புழுக்கைத் தட்டுதான். ஆரோக்கியமான முயல் ஒரு நாளைக்கு 200, 300 புழுக்கை போடும், உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில். எண்ணச் சொல்லவில்லை, கூட்டும்போது ஒரு பார்வை போதும். அளவு சிறுத்து, கறுத்து, கடினமாக, எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்தால் எடை இன்னும் இறங்காவிட்டாலும் விஷயம் ஆரம்பித்துவிட்டது. 10, 12 மணி நேரமாக எதையும் தின்னாத, புழுக்கை போடாத முயல் அவசர நோயாளி, முதுகைக் குறுக்கி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தால் அந்த 12 மணி நேரத்துக்கும் காத்திருக்க வேண்டாம். சாப்பிடாமல் விட்டால் முயலின் ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கும், குண்டு முயலுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். "குண்டாத்தானே இருக்கு, ஒரு நாள் பட்டினி கிடந்தா நல்லதுதான்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தோன்றாது. ஜோடியாக வளர்க்கும் முயல்கள் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும். கொட்டுவது ஒன்றுக்கு, விழுங்குவது இன்னொன்று என்று ஆகிவிடலாம். அதனால் முடி கொட்டாத முயலையும் அதே நாளில் எடை போடுங்கள். பொதுத் தட்டில் கிடக்கும் புழுக்கை யாருடையது என்று தெரியாது, தராசுதான் அங்கே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

கண் நம்மை இரண்டு பக்கமும் ஏமாற்றும். அடர்ந்த ரோமத்தோடு இருக்கும் முயல் கொழுகொழுவென்று தெரியும், உள்ளே எலும்பும் தோலுமாக இருந்தாலும். கொட்டி முடித்த முயல் இளைத்துப்போன மாதிரி தெரியும், ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. அதனால் கையை நம்புங்கள். விலாவில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: மெல்லிய துணிக்கு அடியில் பேனாக்களை வரிசையாக வைத்த மாதிரி எலும்புகள் தட்டுப்பட வேண்டும், முனை மழுங்கலாக. கூர்மையாகக் குத்தினால் மெலிந்திருக்கிறது, அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை அதிகம். முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் அதே மாதிரி தடவிப் பாருங்கள். வாரா வாரம் தடவிப் பார்க்கும் கைக்கு இரண்டு மாதத்தில் இது பழகிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு ரோமம் இருந்தாலும் ஏமாற்ற முடியாது.

சீவுவது பற்றி ஓரிரு வார்த்தை. உச்சத்தில் தினமும் ஐந்து, பத்து நிமிடம் போதும். முயலின் தோல் மெல்லியது, இழுத்தால் கிழியும், அதனால் மென்மையான ரப்பர் பிரஷ்ஷோ நெருங்கிய பல் சீப்போ எடுத்து, பிய்ந்து நிற்கும் கொத்துகளை விரலாலேயே அலுங்காமல் உருவி எடுங்கள். விரலை லேசாக ஈரப்படுத்திக்கொண்டால் பறக்கும் முடி ஒட்டிக்கொண்டு வரும். குளிப்பாட்டினால் எல்லாம் ஒரே தடவையில் போய்விடுமே என்ற யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும். வேண்டாம். நனைந்த முயல் குளிரிலும் பயத்திலும் நடுங்கி, அதுவே குடல் ஓட்டத்தை நிறுத்திவிடக்கூடும்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை, உலர்புல்தான் ராஜா, வளர்ந்த முயலின் தட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் அதுதான் இருக்க வேண்டும். குடலை ஓட வைப்பதும் முடியைத் தள்ளிக்கொண்டு போவதும் அந்த நாரே. பாட்டிலில் குடிப்பதைவிட கனமான கிண்ணத்தில் முயல் அதிகம் குடிக்கும் என்பதால் இந்தக் காலத்திலாவது கிண்ணம் வையுங்கள், கீரையைக் கழுவி ஈரத்தோடு கொடுங்கள். புரதம் வேண்டுமே என்று சிலர் பெல்லட்டை இரண்டு மடங்காக்குவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பெல்லட்டில் வயிறு நிறைந்த முயல் புல்லைத் தொடாது, புல் குறைந்தால் நார் குறையும், நார் குறைந்தால் முடி தங்கும். மெலிந்த முயலுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது வேறு விஷயம், அதையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், கொட்டுகிற முடியெல்லாம் பருவ முடி இல்லை. பெண் முயல் தன் மார்பிலும் வயிற்றிலும் இருந்து தானே முடியைப் பிய்த்து, வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு மூலைக்குப் போனால் அது கூடு கட்டுகிறது. ஆண் முயல் அருகில் இருந்திருந்தால் உண்மையான சினை, அதற்கு சுமார் 31 நாள், எடையும் ஏறும். இல்லையென்றால் பொய்ச் சினை, இரண்டு, இரண்டரை வாரத்தில் தானாக அடங்கிவிடும். தோல் சிவந்து, வழுக்கை விழுந்து, தோள்பட்டையில் பொடுகு மாதிரி வெள்ளைச் செதில் கிளம்பினால் மைட் என்கிற சிற்றுண்ணியாக இருக்கலாம். பருவத்தில் கொட்டும்போது பெரும்பாலும் அடியில் புது ரோமம் கண்ணுக்குத் தெரியும். எடை இறங்கிக்கொண்டே போக, தாடை மட்டும் ஈரமாக இருந்தால், அல்லது சாப்பாட்டை நோக்கி ஓடி வந்து வாயில் எடுத்துக் கீழே போட்டால், முடியை விட்டுவிட்டுப் பல்லைப் பாருங்கள். முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும், வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு.

மிளகுக்கு நடந்ததும் கடைசியில் அதுதான். முடி கொட்டுகிறது, அதனால் எடை குறைகிறது என்று மூன்று வாரம் நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தபோது கடைவாய்ப் பல்லில் ஒரு கூர் முளைத்து நாக்கைக் கிழித்துக்கொண்டிருந்தது. பல்லை ராவிவிட்ட பிறகு பத்து நாளில் எடை திரும்ப ஏறத் தொடங்கியது. முடி அப்போதும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

கொட்டி முடிந்ததும் எடை பழைய இடத்துக்குத் திரும்புவதுதான் வழக்கம், சில நேரம் அதற்கு மேலேயும் ஏறும். பசி திரும்பியிருக்கும், ஒரு பகுதி அதனால். இன்னொரு பகுதி நம்மால்: இளைத்துவிட்டதே என்று பரிதாபப்பட்டு ஆரம்பித்த வாழைப்பழத் துண்டும் கூடுதல் பெல்லட்டும் நிற்காமல் தொடர்ந்துகொண்டிருக்கும். நான் எடை எழுதும் நோட்டில் அதற்காகவே பக்கத்தில் ஒரு பத்தி போட்டு வைத்திருக்கிறேன், அன்று என்ன தின்பண்டம் கொடுத்தேன் என்று எழுத. போன முறை கொட்டி முடிந்த மாதத்தில் மிளகு 90 கிராம் கூடியிருந்தது, அந்தப் பத்தியில் வாழைப்பழம் பதினேழு முறை.